மண்டியம்மாவின் ஜலதரங்கத் தட்டு

பேருந்தில் எனக்குப் பக்கத்தில் வந்து உட்காருகிறவர் முகம் மழித்து 'ஓதகொலோன்' தடவிக்கொண்டு வந்திருந்தால், இன்றைக்கும் நான் எழுந்து நின்றுகொண்டுதான் மீதி வழியைக் கடப்பேன். எலுமிச்சைத் தோலைக் கசக்கினாற்போலத் தொடங்கி, மூக்குக்குள் சில்லென்று ஏறி, கொஞ்ச நேரத்தில் ஒன்றுமே இல்லாமல் போய்விடுகிற அந்த வாசனை மற்றவர்களுக்குக் குளிர்ச்சியாக இருக்கலாம். எனக்கு அது பன்னிரண்டு வயதில், நல்லது செய்கிறோம் என்று நினைத்து நான் செய்த ஒரு காரியத்தின் வாசனை.

பாகூரில் ஏரிக்கரையை ஒட்டிய தெருவில் எங்கள் வீடு. அப்பாவுக்கு 'நீர்க்கட்டி' வேலை. ஏரித் தண்ணீரை முறை வைத்து ஒவ்வொருவர் வயலுக்கும் திறந்துவிடுவதும் அடைப்பதும் அவர் பொறுப்பு. அவருடைய அப்பாவுக்கும் அதே வேலைதான். எங்கள் வம்சத்தில் சிலேட்டைக் கையில் பிடித்த முதல் ஆள் நான் என்பதால், எழுத்து உள்ள எந்தப் பொருள் கிடைத்தாலும் தெருவே அதை என் முன்னால் நீட்டும். மருந்துப் புட்டி, தீப்பெட்டி, வரி நோட்டீசு, கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றையும் நான் உரக்கப் படிக்க, பெரியவர்கள் தலையை ஆட்டிக் கேட்பார்கள். எனக்கும் அதில் ஒரு மிதப்பு உண்டு. படிக்கத் தெரிந்தவனுக்கு எல்லாம் தெரியும் என்று அவர்கள் நம்பியதைக் காட்டிலும் நான் அதிகமாக நம்பினேன்.

பிரெஞ்சுக்காரன் கொடி இறங்கிய மறு வருடம் அம்மாவின் அண்ணன் சைகோனிலிருந்து கப்பலேறி வந்து சேர்ந்தார். பட்டாளத்தில் இருந்தவர் என்பதால் ஊரில் அவருக்கு 'சொல்தா' என்று பெயர்; எனக்குச் 'சொல்தா மாமா'. கல்யாணம் செய்துகொள்ளாத அவர் எங்கள் வீட்டின் முன்னறையிலேயே தங்கிவிட்டார். அவர் கொண்டுவந்த இரும்புப் பெட்டியில் இரண்டு மெடல், ஆறு புட்டி ஓதகொலோன், கைப்பிடி வைத்த கிராமபோன் பெட்டி ஒன்று, துணியில் சுற்றிய பதினோரு இசைத்தட்டுகள் இருந்தன. ஓதகொலோன் இல்லாமல் அவருக்கு ஒரு வேலையும் நடக்காது. மழித்த முகத்துக்கு அது, காய்ச்சல் வந்தால் நெற்றிக்கு அது, கொசு கடித்த இடத்துக்கு அது, மெடல் துடைக்க அது, கண்ணாடி துடைக்கவும் அதுவே. "எல்லாத்துக்கும் இது ஒண்ணுதான்டா, முசே. அழுக்குன்னு ஒண்ணு இருந்தா இதுக்கு முன்னால நிக்காது" என்பார். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல், பிரெஞ்சில் 'ஐயா' என்பதுபோல, 'முசே' என்றே கூப்பிடுவார்.

தட்டுகளில் பாதி பட்டாளத்து பேண்டு. சில நாடகப் பாட்டு. ஒன்றில் மட்டும் பாட்டும் இல்லை, மேளமும் இல்லை. முதலில் ஒரே ஒரு துளி சொட்டினாற்போல இருக்கும். பிறகு இரண்டு, பிறகு நாலு. அப்புறம் மதகு திறந்த மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஓடி வந்து, நடுவில் ஓர் இடத்தில் சற்றே தடுக்கி, சமாளித்து, மறுபடி ஓடும். சைகோனில் கடையை இழுத்து மூடிக்கொண்டிருந்த காரைக்கால்காரர் ஒருவர் அதை மாமாவுக்குச் சும்மா கொடுத்தாராம். எட்டு வருடம் அவருடைய கட்டிலுக்கு அடியிலேயே இருந்தது. தட்டின் நடுவே ஒட்டியிருந்த வட்டச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் அவருக்குச் சொன்னதில்லை. நான்தான் படித்தேன். "ஜலதரங்கம். பாகூர் மிஸ் லோகாம்பாள்."

மாமா என் பிடரியில் லேசாக ஒரு தட்டுத் தட்டினார். "ஒழுங்கா படிடா. பாகூரா? எட்டு வருசமா என் கட்டில் கீழ கெடந்தது நம்ம ஊருக்காரியா?"

உள்ளே உலை வைத்துக்கொண்டிருந்த அம்மா அங்கிருந்தபடியே குரல் கொடுத்தாள். "லோகாம்பான்னா நம்ம மண்டியம்மா பேருதான? யாருக்குத் தெரியும் அந்தப் பேரு இப்ப."

கடைத்தெருவில் நெல் மண்டி வைத்திருந்தவரின் இரண்டாம் மனைவியை ஊரே 'மண்டியம்மா' என்றுதான் சொல்லும். எனக்கு அவரை நன்றாகத் தெரியும். புதுச்சேரியில் வேலையாக இருந்த மகனிடமிருந்து கடிதம் வந்தால், கணவர் மண்டிக்குப் போன பிறகு என்னைக் கூப்பிட்டு அனுப்பிப் படிக்கச் சொல்வார். பதிலும் அவர் சொல்ல நான்தான் எழுதுவேன். காது கொஞ்சம் மந்தம் என்பதால் நான் வாய்ப்பாடு ஒப்பிக்கிற குரலில் கத்திப் படிப்பேன். மறுநாள் நானாகவே அந்த வீட்டுக்குப் போய், கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தவரிடம், "அம்மா, உங்க பேரு போட்ட தட்டு எங்க வூட்ல இருக்குது" என்று சொன்னேன்.

அரிவாள்மணையில் அவர் கை நின்றது. "யாருகிட்டனா சொன்னியா?" என்று முதலில் கேட்டார். எங்கள் வீட்டுக்கு வெளியே யாரிடமும் இல்லை என்றதும், "இன்னா நெறத்துல இருக்குது?" என்றார். கறுப்பு என்றேன். "அப்படியா" என்று சொல்லிவிட்டு மறுபடி காயை எடுத்துக்கொண்டார், ஆனால் நறுக்கவில்லை.

அவருடைய அப்பா கோயிலில் முகவீணை வாசித்தவர். பதினைந்து வயது மகளையும் பதினெட்டுப் பீங்கான் கிண்ணங்களையும் வைக்கோல் சுற்றி வண்டியில் ஏற்றிச் சென்னைக்குக் கொண்டுபோய், ஒலிப்பதிவுக்காக வைத்திருந்த ஒரு தகர ஊதுகுழலுக்கு முன்னால் உட்காரவைத்து வாசிக்கச் சொன்னாராம். தட்டு வெளியே வருவதற்குள் கல்யாணம் ஆகிவிட்டது. 'இனிமே கிண்ணம் தட்டுறதெல்லாம் வேணாம்' என்று புகுந்த வீட்டில் ஒரே ஒரு முறை சொன்னார்களாம். இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருக்கவில்லை. தட்டை அவர் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. பதினெட்டுக் கிண்ணங்களில் ஒன்று உப்புக்கு, ஒன்று ஊறுகாய்க்கு, ஒன்று பூனைப் பாலுக்கு என்று போய், பல உடைந்து, ஐந்து மட்டும் சமையலறைப் பலகையின்மேல் மிச்சம் இருந்தன.

அந்த ஐந்தையும் வைத்து அவர் தினமும் ஒரு காரியம் செய்துவந்தார். காலையில் வீட்டில் ஆள் இல்லாத நேரத்தில் அவற்றில் தண்ணீர் ஊற்றி, ஈர்க்குச்சியால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பார். வாசிப்பதற்காக அல்ல, காதைப் பார்த்துக்கொள்வதற்காக. பொங்கலுக்கு முன்பே சின்னக் கிண்ணம் அவருக்குக் கேட்காமல் போய்விட்டது. ஆடிக்குள் அதற்கு அடுத்தது. "தட்டுறது குச்சிக்குத் தெரியுது, தண்ணி ஆடுது, எனக்கு மட்டும் ஒண்ணுமில்ல. காதுக்குள்ள எந்நேரமும் மழடா. ஓட்டுமேல பேயிற மாதிரி. கிண்ணமெல்லாம் அந்த மழைக்கு அந்தாண்ட போய் நின்னுக்குது" என்றார். பிறகு, இதுவரை யாரிடமும் எதையும் கேட்டிராதவர் கேட்கிற மாதிரி, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "வாசிக்கச்சே கைதான் தெரியும், சத்தம் தெரியாது. ஒரே ஒரு தபா சும்மா ஒக்காந்துகினு அத கேட்டுப்புடணும். மீதிக் கிண்ணமும் போறதுக்குள்ள."

இப்படி ஒருவர் என்னிடம் ஒன்றைக் கேட்டது அதுவே முதல் தடவை. எங்கள் பள்ளிக்கு அப்போதும் பழைய பிரெஞ்சு வழக்கப்படி வியாழக்கிழமைதான் விடுமுறை. மண்டிக்காரர் வியாழன்தோறும் கடலூர் போய்ச் சாயங்காலம்தான் திரும்புவார். மாமாவிடம் கேட்டதும், புதுச்சேரிக்குப் பென்ஷன் வாங்கப் புறப்பட்டுக்கொண்டிருந்தவர் தாராளமாகத் தலையை ஆட்டினார். "எடுத்துனு போ, முசே. ஆனா முள்ளு ரெண்டே ரெண்டுதான் மீதி. ஒண்ணு அந்தம்மாவுக்கு. இன்னொண்ணத் தொட்டின்னா தோல உரிச்சுடுவன்." கிராமபோன் முள் ஒன்று ஒரு தடவைக்குத்தான் சரியாக ஓடும் என்பது அவர் சட்டம். ஆகவே முன்கூட்டி வைத்துப் பார்க்கிற பேச்சே இல்லை.

வியாழன் காலையில் தட்டைத் துணியிலிருந்து எடுத்தபோது அதன் வரிகளில் சாம்பல் பூத்தாற்போல அழுக்கு படிந்திருந்தது. கப்பலில் பட்ட உப்போ ஏரிக்காற்றின் ஈரமோ, தெரியவில்லை. அதை அப்படியே அவர் முன்னால் வைக்க எனக்கு மனம் வரவில்லை. காது மந்தமானவருக்கு அழுக்குத் தட்டை வைக்கலாமா? மாமாவின் ஓதகொலோனில் திறக்காத புட்டி ஒன்று இருந்தது. பழைய வேட்டியைக் கிழித்து, நனைத்து, வட்டமாகத் துடைத்தேன். துணி கறுத்தது. எனக்கு எவ்வளவு சந்தோஷம்! எட்டு வருட அழுக்கு என்று நினைத்துக்கொண்டு இன்னும் ஊற்றினேன், இன்னும் கறுத்தது. அழுக்கு வர வர எனக்கு வேகமும் ஏறியது. ஒரு பக்கத்துக்குப் பாதிப் புட்டி, மறு பக்கத்துக்குப் பாதிப் புட்டி. கடைசியில் வெயிலில் சாய்த்து வைத்தபோது தட்டு பளபளக்காமல் அடுப்புக்கரி போல மங்கலாக இருந்ததைப் பார்த்தேன். காய்ந்தால் சரியாகிவிடும் என்று எண்ணிக்கொண்டேன்.

மண்டியம்மா அன்று வெள்ளிக்கிழமைக்குக் கட்டுகிற அரக்குச் சிவப்புப் புடவை கட்டியிருந்தார். முற்றத்தில் ஐந்து கிண்ணங்களையும் வரிசையாக வைத்துத் தண்ணீர் ஊற்றி, அவற்றுக்குப் பின்னால் வாசிக்கிறவர் போலச் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். தட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "என் பேரு எங்க? வெரல வச்சுக் காட்டு" என்றார். அவருக்குப் படிக்கத் தெரியாது. அவருடைய ஆள்காட்டி விரலைப் பிடித்து ஒவ்வொரு எழுத்தின்மேலும் வைத்தேன். "இவ்ளோ சின்னதாவா போட்டாங்க" என்று சிரித்தார்.

தூக்கிக்கொண்டு போயிருந்த பெட்டிக்குக் கைப்பிடியைச் சுற்றிச் சாவி கொடுத்தேன். புது முள்ளைப் பொருத்தித் தட்டின் விளிம்பில் இறக்கினேன்.

மழை பெய்தது. வேறு எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. ஓட்டுமேல் பெய்கிற மழை போலப் பெட்டி முழுக்க ஒரே இரைச்சல்; அதற்குள் எங்கோ ஒரு துளி, கேட்டது போலவும் இருந்தது, கேட்காதது போலவும் இருந்தது. அந்த நொடியில் கறுத்த துணி என் கண்முன் வந்தது. அது அழுக்கு இல்லை, தட்டே கரைந்து வந்த கறுப்பு.

அவர் நல்ல காதைப் பெட்டியின் பக்கம் திருப்பி, கண்ணை மூடி, தொடக்கத்தைப் பிடித்துக்கொள்வதற்காக முழங்காலின்மேல் விரலைத் தூக்கி வைத்தபடி காத்திருந்தார். விரல் இறங்கவே இல்லை.

"ஓடுதாடா?"

"ஓடுதும்மா."

"எனக்கு மழதான் கேக்குது" என்றார். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "உனக்குக் கேக்குதா?"

ஒரு சொல்தான் அப்போது தேவையாக இருந்தது. எனக்கும் மழைதான் கேட்கிறது என்று சொல்லியிருந்தால் போதும். அதைச் சொன்னால், தட்டைக் கெடுத்தவன் நான் என்று அடுத்த சொல்லையும் சொல்ல வேண்டிவரும். "கேக்குதும்மா" என்றேன். "நல்லா கேக்குதா?" "நல்லா கேக்குது."

"இப்ப எங்க போவுது? மேலயா, கீழயா?"

அந்தத் தட்டு எனக்கு மனப்பாடம். எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். ஆகவே சொன்னேன். "இப்ப மெதுவா வருது... இப்ப மேல போவுது... இப்ப ஓடுது" என்று கையை ஏற்றியும் இறக்கியும் காட்டிக்கொண்டே இருந்தேன். மூன்று நிமிடமும் அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய உதடு அசைந்தது. மழை நின்றதும் நான் முள்ளைத் தூக்கினேன்.

"நடுவுல ஒரு எடத்துல தப்பு வுட்டுருப்பனே, கேட்டியா?" என்றார்.

"இல்லம்மா. தப்பே இல்ல."

"பொய் சொல்றான் பாரு!" என்று என் கன்னத்தில் குத்தினார். "அங்க தடுக்கிட்டன்டா. எங்கப்பா அதுக்கோசரம் ஒரு வாரம் என்கிட்ட பேசல." சொல்லிவிட்டு ஈர்க்குச்சியை எடுத்துப் பெரிய கிண்ணத்தை ஒரு தட்டுத் தட்டினார். "இது கேக்குது. உன் பேச்சும் கேக்குது. தட்டுல இருக்கறதெல்லாம் சின்னக் கிண்ணத்து வேல. அது போயிடுச்சு எனக்கு. நீ நேரத்தோட வந்துட்ட, நான்தான் நேரம் கழிச்சிட்டன்" என்றார். ஐந்து கிண்ணத்துத் தண்ணீரையும் எழுந்து போய்த் துளசிக்கு ஊற்றினார்.

மாமா புதுச்சேரியிலிருந்து திரும்பிய அன்றே மிச்சமிருந்த முள்ளை வைத்துப் பார்த்தார். "இன்னாடா இது, வூட்டுக்குள்ள மழ பேயுது?" என்று பெட்டியைத் தட்டினார். பிறகு காலிப் புட்டியைக் கண்டார். அடி விழும் என்று சுவரோரம் ஒண்டிக்கொண்டு நின்றேன். அவர் அடிக்கவில்லை. புட்டியை மூக்கருகே வைத்துப் பார்த்துவிட்டு, "எல்லாத்துக்கும் இதான்னு நான்தான சொன்னன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். காலிப் புட்டியை மூடிவிட்டு, "அந்தம்மாகிட்ட சொல்லிப்புடு, முசே. நாள் போச்சுன்னா நாக்கு எழும்பாது" என்றார்.

எழும்பத்தான் இல்லை. ஒரு தடவை போனபோது மண்டிக்காரர் இருந்தார். ஒரு தடவை வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன். ஒரு தடவை, "அம்மா, அந்தத் தட்டு..." என்று தொடங்கியே விட்டேன், "அத வுடுடா, அது முடிஞ்சுபோச்சு" என்று அவர் கையை ஆட்டியதும், எனக்கு விடுதலை கிடைத்த மாதிரி வெளியே ஓடிவந்தேன். அந்த ஓட்டத்தை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூசுகிறது. அவர் கிண்ணங்களை அதற்குப் பிறகு தட்டிப் பார்க்கவில்லை. ஐந்தில் ஒன்றில் மிளகாய்த்தூள் இருந்ததை நானே பார்த்தேன்.

அடுத்த மாதம் மகனிடமிருந்து கடிதம் வந்தது. புதுச்சேரி ஆஸ்பத்திரியில் காதுக்கு நல்ல டாக்டர் வந்திருக்கிறார், உடனே புறப்பட்டு வரவும் என்று எழுதியிருந்தார். அதைக் கத்திப் படித்தேன். ஒரு சொல்கூட விடாமல் அவருக்குக் கேட்டது. "வேணாம்னு எழுது. காதாண்டயே வச்ச தட்டே கேக்கல, டாக்டர் வந்து இன்னா பண்ணப்போறாரு? காது போயிடுச்சு, இனிமே வைத்தியம் வேணாம்னு எழுது" என்றார். எழுதினேன். என் கையெழுத்து அப்போது மிகவும் நன்றாக இருக்கும். வைத்தியம் வேண்டாம் என்று மணிமணியாக எழுதி, மடித்து, நானே தபால்பெட்டியில் போட்டேன்.

வேறொரு தட்டு கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை எனக்கு இருந்தது. சென்னையில் தட்டுப் போட்ட கம்பெனிக்கு, அந்த வட்டச் சீட்டில் இருந்த விலாசத்தைப் பார்த்து, பெரியவர்கள் எழுதுகிற தோரணையில் ஒரு கடிதம் எழுதினேன். நாலு மாதம் கழித்து இரண்டு வரியில் பதில் வந்தது. அது பழைய தட்டு, மூலமும் இப்போது இல்லை என்று. இதற்கிடையில் தெருக்கோடியில் தச்சர் ஒருவர் கதவுக்கு மெருகு பூசிக்கொண்டிருந்தபோது, உலர்ந்த அரக்குத் துண்டுகளை, ஓதகொலோனில் பாதிக்கு மேல் இருக்கிற அதே ஸ்பிரிட்டில் போட்டு அவை பாகாய்க் கரைவதை நின்று பார்த்தேன். தட்டும் அரக்குதான் என்று அவர் சொன்னார். நான் கேட்காமல் அவர் சொல்லவில்லை. கேட்டுத் தெரிந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன். படிப்பு எனக்கு இப்படி ஒவ்வொன்றையும் நேரம் கழித்தே சொல்லிக்கொடுத்தது.

அதற்குப் பின் இரண்டு வருடத்துக்கு மேல் மண்டியம்மாவுக்குப் பேச்சு கேட்டுக்கொண்டுதான் இருந்தது. தெருவில் வண்டி போனால் திரும்பிப் பார்ப்பார். ஒவ்வொரு தடவை அவர் திரும்பியபோதும், இன்னும் நேரம் இருக்கிறது என்று எனக்குள் ஒன்று சொல்லும். யாருக்கு, எதற்கு நேரம் என்று தெரியாது. பிரெஞ்சுப் பிரஜையாக இருப்பதா, இந்தியப் பிரஜை ஆவதா என்று எழுதிக் கொடுக்கச் சொன்ன காலத்தில் மாமா பிரெஞ்சுப் பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டுக் கப்பலேறினார். அதற்குள் மண்டியம்மாவுக்கு வண்டிச் சத்தமும் போய்விட்டது.

இப்போது நான் புதுச்சேரியில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. பாகூரில் நெல் மண்டி இருந்த இடத்தில் சைக்கிள் கடை இருக்கிறது. அப்பா திறந்து மூடிய பலகை மதகு போய் இரும்புக் கதவு வந்துவிட்டது. கிராமபோன் பெட்டியின் சுருள்வில் அறுந்து, பெட்டியில் அம்மா வெற்றிலை வைத்திருக்கிறாள். பள்ளி விடுமுறை ஞாயிற்றுக்கிழமைக்கு மாறிப் பல வருடமாகிறது. ஐந்து கிண்ணங்களில் ஒன்றுகூட இல்லை. தட்டு மட்டும் என்னிடம் இருக்கிறது. போன மாதம் அதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு மண்டியம்மா வீட்டுக்குப் போனேன்.

அவருக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. என்னை அடையாளம் கண்டு, "வாடா, எழுத்துக்காரா" என்றார். தன் குரலே தனக்குக் கேட்காததால் தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார். எல்லாவற்றையும் சொன்னேன். முதலிலிருந்து கடைசிவரை, பதினைந்து வருடமாக மனத்தில் வரிசைப்படுத்தி வைத்திருந்தபடியே சொன்னேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டு, நான் ஏதோ நல்ல சேதி சொல்வது போலச் சிரித்தபடி இருந்தார். எழுதிக் காட்டலாம் என்றால் அவருக்குப் படிக்கத் தெரியாது. வீட்டில் இருந்த மருமகளைக் கூப்பிட்டால் அவளும் கத்தத்தான் முடியும்.

கடைசியில் தட்டை எடுத்து அவர் மடியில் வைத்தேன். அவருடைய விரல் தானாகவே நடுச் சீட்டுக்குப் போய்ப் பெயர் இருந்த இடத்தில் நின்றது. நான் என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். நான்தான். பிறகு கையில் துணி இருப்பது போல வைத்துக்கொண்டு, காற்றில் வட்டவட்டமாகத் துடைத்துக் காட்டினேன். இப்படித்தான். இதனால்தான். மறுபடியும் நெஞ்சைத் தொட்டு, மறுபடியும் துடைத்தேன்.

அவர் என் கையைக் கூர்ந்து பார்த்தார். முகம் தெளிந்தது. "ஓ, அதுவா" என்றார். முந்தானையை இழுத்து, மங்கிப்போன அந்தத் தட்டை விளிம்பிலிருந்து உள்ளே, வட்டவட்டமாக, ஒரு வரி விடாமல் பொறுமையாகத் துடைத்தார். திருப்பிப் போட்டு மறு பக்கமும் துடைத்தார். வாயால் ஊதினார். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"இப்ப சரியா?" என்று கேட்டார்.

நான் தலையை ஆட்டினேன்.